ஊக்கமளித்தவர்

“இன்று ஓட்டம் இல்லை. குதிப்பு இல்லை. பாட்டு அறவே இல்லை. சண்டை போடுவோர் உட்கார்ந்தபடி, குரல் உயர்த்தாமல் போடவும். நன்றி.”

காலை அறிவிப்பு முடிந்ததும் கூடல்புரத்து மக்கள் வழக்கம்போல் வீட்டுச் சுவரில் இருந்த குழாயில் வாயை வைத்து நன்றாக ஊதிவிட்டு, பல் தேய்க்கப் போனார்கள். ஊதிய மூச்சு வீணாகாது. குழாய் வழியே போய் மூச்சுத்தொட்டிகளில் வளரும் பாசிக்கு உணவாகும். பாசி அதைத் தின்றுவிட்டு நல்ல காற்றைத் திருப்பித் தரும். சீரிஸ் என்ற குறுங்கோளின் பனிப்பாறையைக் குடைந்து கட்டிய ஊரில் காற்று அப்படித்தான் கிடைக்கும். பூமியில் தண்ணீர் வராத நாளில் குடத்தை வைத்துக்கொண்டு முனகுவார்களாமே, அதுபோல இங்கே காற்று குறைந்த நாட்களில் முனகினார்கள். அதையும் மெதுவாகத்தான் முனக வேண்டும்.

“பாட்டு வாத்தியார் வாயைத் தொறக்கக் கூடாதாம். சமையல்காரன் அடுப்பைப் பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்களா?” என்றான் திருமேனி. அவன் உயிரியல் நிலையத்தில் ஆய்வு செய்யும் உமையாளின் கணவன். ஊரில் இருந்த ஒரே பாட்டுப் பள்ளியை நடத்துபவன். “புள்ளைங்க வந்து உக்காந்து தாளம் மட்டும் போட்டுட்டுப் போகுதுங்க. உன் கட்டுரை எப்பதான் வரும் உமையா?”

“வரும்ங்க. இதழ்லேருந்து மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கான். ஓரத்துல இடம் பத்தலையாம்.”

“என்ன இடம்?”

“பக்கத்தோட ஓரத்துல விடுற வெத்து இடம்.”

திருமேனி தலையில் அடித்துக்கொண்டான், சத்தம் வராமல்.

விஷயம் இதுதான். மூன்றாம் மூச்சுத்தொட்டி நோய்ப்பட்டிருந்தது. அதன் உட்சுவரில் பாசிக்கு நடுவே வேறொரு பூஞ்சை ஒட்டிக்கொண்டு வளர்கிறது என்பதை உமையாள் கண்டுபிடித்திருந்தாள். ஒளிப்படக் கருவிக்கு இரண்டும் ஒரே பச்சை. கையால் தடவினால்தான் தெரியும்: நல்ல பாசி வழுக்கும், பூஞ்சை ரவை மாதிரி நெருடும். உறை போட்ட கைக்கு அது தெரியாது. கழுத்தளவு குளிர்நீரில் இறங்கி, வெறுங்கையால் தேடி, அடியிலிருந்து மேலாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே முதலில் தொட்டால் போச்சு. அடியில் இருப்பது வித்துகளைக் கொட்டித் தொட்டி முழுக்கப் பரப்பிவிடும். உயிரியல் நிலையத்தில் ஓர் ஆண்டாகச் சோதனைத் தொட்டியில் ஊறி ஊறி அவள் கற்றுக்கொண்டது இது. அந்த நாற்றம் அவள் தலைமுடியை விட்டு இன்னும் போகவில்லை.

தெரிந்தவள் இறங்கிச் சுரண்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. முன்னொரு காலத்தில் ஆளாளுக்குத் தொட்டிகளில் வைத்தியம் பார்த்தார்கள். எவரோ ஒருவர் பாசிக்கு எலுமிச்சைச் சாறு நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டு ஊற்றியதில் ஒரு தொட்டியே செத்தது. அன்றிலிருந்து தொட்டிகளின் சாவி ‘பொறுப்பன்’ என்ற எந்திர மூளையிடம் போய்விட்டது. ஊரின் ஒரே ஆய்விதழில் வெளிவந்ததை மட்டுமே பொறுப்பன் நம்பும். இதழில் ஏறாத உண்மை அதற்கு உண்மையே இல்லை. அது ஒரு வெள்ளந்தி மூளை. அச்சில் வந்தால் பொய்யாக இருக்காது என்று நினைத்தது.

அந்த இதழுக்குள் நுழையும் வாசலில் ‘வடிவன்’ என்றொரு எந்திரம் உட்கார்ந்திருந்தது. கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறது என்பது அதன் கவலையே இல்லை. எப்படி அடுக்கியிருக்கிறது என்பதுதான் கவலை.

“ஆசிரியர் அவர்களே, தங்கள் அரிய ஆய்வு கண்டு மகிழ்ந்தோம்,” என்று தொடங்கும் அதன் ஒவ்வொரு கடிதமும். அடுத்த வரியிலேயே வெட்டு விழும். சான்றுப் பட்டியலில் ஆண்டு பெயருக்குப் பின்னால் வர வேண்டும். உமையாள் மாற்றினாள். விதி புதுப்பிக்கப்பட்டதால் ஆண்டு கடைசியில் வர வேண்டும். மறுபடி மாற்றினாள். பூஞ்சையின் படம் அழகாக இல்லை, பின்னணி வெள்ளையாக இருத்தல் நலம். தொட்டியின் பின்னணி பச்சை ஐயா, அதுதானே பிரச்சினை என்று அவள் எழுதிப் பார்த்தாள். தங்கள் அரிய விளக்கம் கண்டு மகிழ்ந்தோம், பின்னணி வெள்ளையாக இருத்தல் நலம் என்று பதில் வந்தது.

உமையாளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழுதுகொண்டே வெள்ளையாக்கினாள். அவள் அப்படிப்பட்டவள். அறிவிப்பில் நாளுக்கு நாள் தடைகள் கூடிக்கொண்டே போயின. எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழுதால்கூட அம்மாக்காரி பதறிப்போய் வாயைப் பொத்தினாள். அதைப் பார்த்த அன்று உமையாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள்தான். வடிவன் கேட்ட அத்தனையையும் முடித்துவிட்டே எழுந்தாள்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நிலைய இயக்குநரின் கைரேகை இல்லாமல் கட்டுரை வெளியே போகாது.

இயக்குநர் முனைவர் வேதரத்தினம் நல்ல மனிதர். எவரையும் அதட்ட மாட்டார். பதவிக்கு வந்த நாளிலிருந்து தொட்டிப் பக்கம் போனதும் கிடையாது. அந்த வாசனை அவருக்கு ஆகாது. கட்டுரையைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பெயர்கள் இருந்த இடத்தில் மட்டும் நின்றார்.

“பிரமாதம்மா. பேர் வரிசைதான் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம்.”

“உங்க பேர் ரெண்டாவதா இருக்கு சார்.”

“அதத்தான் சொல்றேன். நிலையம்னா ஒரு முறை இருக்கில்ல? முதல்ல நான். அப்புறம் துணை இயக்குநர், அவர் மனசு கோணக் கூடாது. அப்புறம் முன்னாள் இயக்குநர். பூமிக்குப் போயிட்டாலும் நம்ம மறக்கக் கூடாது பாரு.”

“சார், மூணு பேருக்கு மேல இதழ் ஏத்துக்காது.”

“அடடா!” என்று உண்மையாகவே வருந்தினார். “அதனால என்ன? நன்றிப் பகுதியில உன்னைப் போட்ருவோம். ‘ஊக்கமளித்தவர்: உமையாள்’. எவ்வளவு அழகா இருக்கு!”

உமையாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓர் ஆண்டு நாற்றத்தில் ஊறியவள் அவள். சண்டை போடலாம். போட்டால் கைரேகை தள்ளிப்போகும். கைரேகை தள்ளிப்போனால் தொட்டி போகும். பேர் போனால் போகட்டும், காற்று போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சரி சார். பங்களிப்பு அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு. யார் யார் என்ன செஞ்சாங்கன்னு தனித்தனியா நிரப்பாம வடிவன் விடமாட்டான். தொட்டியில இறங்கினது யாரு, கையால தேடினது யாரு, சுரண்டினது யாரு...”

“வெப்பநிலை குறிச்சதுக்குத் துணை இயக்குநரைப் போடு. மத்த எல்லாத்துலயும் என் பேரையே போட்ரும்மா. முதல் ஆசிரியர் பேர் அங்கங்க விட்டுப்போனா பார்க்க நல்லாருக்காது.” சொல்லிவிட்டு, ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்ற வரியின் கீழ் மகிழ்ச்சியாகக் கட்டைவிரலை அழுத்தினார்.

கட்டுரை வெளிவந்தது. தங்கள் அரிய ஆய்வு கண்டு மகிழ்ந்தோம் என்ற கடிதத்துக்கு அடியில் இம்முறை எந்த வெட்டும் இல்லை.

நிலைய அரங்கில் பாராட்டுக் கூட்டம். கைதட்டினால் மூச்சு வாங்கும் என்பதால் எல்லோரும் கையை மட்டும் ஆட்டினார்கள். காகிதப் பூமாலையோடு வேதரத்தினம் பேச எழுந்தார். “அந்தக் குளிர்நீரில் நான் இறங்கியபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊரின் குழந்தைகள்!” கைகள் ஆடின. கடைசி வரிசையில் திருமேனி பற்களை நறநறவென்று கடித்தது பக்கத்து இருக்கைக்குக் கேட்டது.

அப்போது கூரையிலிருந்து பொறுப்பனின் குரல் வந்தது.

“கட்டுரையை முழுவதும் வாசித்தேன். ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாம் தொட்டி இன்றே சுத்தம் செய்யப்படும். இதை வெறுங்கையால் செய்து பழகியவர் இந்த ஊரில் ஒருவரே என்று கட்டுரை சொல்கிறது. முனைவர் வேதரத்தினம் அவர்களே, வாருங்கள். தொட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன்.”

மாலை சற்று நழுவியது. வேதரத்தினம் சிரித்துப் பார்த்தார். “நம்ம உமையாள் செய்வாளே. கெட்டிக்காரப் பொண்ணு.”

“உமையாளின் பங்கு ஊக்கமளித்தது. தொட்டியில் இறங்கிய அனுபவம் அவருக்கு இருப்பதாகக் கட்டுரையில் இல்லை. அனுபவம் இல்லாதவரை இறக்க எனக்கு அனுமதி கிடையாது.”

“அப்ப துணை இயக்குநர்...”

“அவர் வெப்பநிலையைக் குறித்தவர். வெப்பமானியோடு கரையில் நிற்பார். முன்னாள் இயக்குநருக்குப் பூமிக்குக் கப்பல் அனுப்பட்டுமா? வந்து சேர வெகுகாலம் ஆகும்.”

“இல்ல, அறிக்கையில ஒரு சின்ன... எழுத்துப் பிழை...”

“பிழை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுகிறேன். தொட்டி மூடப்படும். திருத்தி, வடிவன் வழியாக மறுபடியும் அனுப்பலாம்.”

அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அத்தனை பேரும் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வேதரத்தினம் மாலையைக் கழற்றினார். நேரே உமையாளிடம் வந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா,” என்றார் அடிக்குரலில். அந்த நிலையத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

“இறங்குங்க சார்,” என்றாள் உமையாள். கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டி மட்டும்தான் கண்ணில் நின்றது. “நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு ஊக்கம் குடுக்கறேன்.”

“அது கட்டுரையோடு ஒத்துப்போகிறது. அனுமதிக்கிறேன்,” என்றது பொறுப்பன்.

கழுத்தளவு பச்சைநீரில் இயக்குநர் நடுங்கிக்கொண்டு நின்றார். நாற்றம் தாங்காமல் ஒருமுறை குமட்டினார். கையை நீட்டி எட்டிய இடத்தைத் தொடப் போனார்.

“மேல தொடாதீங்க சார்! அடியில! அடியிலேருந்து!”

“உமையாள் அவர்களே,” என்று குறுக்கிட்டது பொறுப்பன். “அது கட்டளை. தொட்டிக்குள் இருப்பவருக்கு வெளியாள் கட்டளை இடக் கூடாது. ஊக்கம் மட்டும்.”

உமையாள் ஒரு கணம்தான் விழித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை ஆண்டு நிலையத்தில் குப்பை கொட்டியதில் அவளுக்கு நன்றாகப் பழகிப்போன வித்தை ஒன்று இருந்தது.

“ஆஹா! சார் எப்பவும் அடியிலேருந்துதான் ஆரம்பிப்பாங்க! அந்த நிதானம் யாருக்கு வரும்!”

வேதரத்தினம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு குனிந்தார். புகழ்ச்சி என்றால் ஒரு சொல்கூட அவர் காதுக்குத் தப்பாது.

“இடது கை ராசியான கைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்! ரவை மாதிரி நெருடினா சாரோட விரல் விடவே விடாதே! வழுக்குறதைச் சீண்டக்கூட மாட்டாங்க!”

விரல் நெருடலைக் கண்டுபிடித்தது. சுரண்டியது. வழித்ததை வெளியே நீட்டியது.

“இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போவாங்க பாருங்க! வேலையைப் பாதியில விடுற பழக்கம் சாருக்குக் கிடையாதே!”

பாதியில் விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர் வலது பக்கம் போனார். பல் கிட்டியது, கண்ணில் நீர் வழிந்தது, கை மட்டும் ஓயவில்லை. உமையாளுக்குத் தொண்டை கட்டிப்போனது. அவளும் விடவில்லை. மூன்றாம் தொட்டியின் கடைசி மூலை வரை அவரைப் புகழ்ந்தே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

“இவ்வளவு பயனுள்ள ஊக்கத்தை நான் கண்டதில்லை,” என்றது பொறுப்பன்.

சில நாட்களில் பாசி தெளிந்தது. “இன்று பாடலாம்,” என்று அறிவிப்பு வந்த காலையில் திருமேனியின் பள்ளியிலிருந்து கிளம்பிய சத்தத்தைச் சங்கீதம் என்று சொல்வது கடினம். ஆனாலும் ஊரே வாசலில் நின்று கேட்டது. எதிர்வீட்டுக் குழந்தை ஆசை தீர வீறிட்டு அழுதது.

காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேதரத்தினம் உமையாளைத் தேடி வந்தார். மாதம் ஒருமுறை முதல் ஆசிரியர் தொட்டியில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பொறுப்பன் சொல்லிவிட்டிருந்தது.

“உமையாள், நியாயப்படி முதல் பேர் உன்னோடதுதாம்மா. ஒரே பேரா உன் பேர் மட்டும் இருக்கட்டும். திருத்தம் அனுப்பிடலாம்.”

“அனுப்பலாம் சார். ஆனா ஓரம், எழுத்துரு, சான்றுப் பட்டியல் எல்லாம் மறுபடி ஆரம்பத்துலேருந்து பண்ணணும். நீங்க பண்ணிக் குடுங்க. நான் ஊக்கம் குடுக்கறேன்.”

பண்ணினார். பாவம், பின்னணியை வெள்ளையாக்குவதற்குள் அவருக்கு இரண்டாவது முறையும் காய்ச்சல் கண்டது.

சேதி ஊரெங்கும் பரவியதும் வடிவனுக்குக் கடிதங்கள் குவிந்தன. பழுதான நீர்க்குழாயைப் பற்றி, கசியும் கதவைப் பற்றி, கதிரியக்கக் கிடங்கைப் பற்றியெல்லாம் வந்த கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சினார்கள். தன்னடக்கம் காரணமாக என்று எழுதினார்கள். வடிவன் ஒவ்வொருவருடைய அரிய தன்னடக்கத்தையும் கண்டு மகிழ்ந்து பெயர்களை நீக்கியது.

பொறுப்பன் குழம்பிப்போனது. திருத்தம் வெளிவந்தபின் ஒருநாள், உமையாள் தொட்டியில் இறங்கிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டது.

“உமையாள், ஒரு சந்தேகம். இதழின் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்போது ஆசிரியர் பெயரே இல்லை. ஆனால் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குழாய்கள் ஓடுகின்றன, கதவுகள் மூடுகின்றன. இதையெல்லாம் செய்தது யார்?”

“கட்டுரையோட கடைசியில, நன்றின்னு போட்டிருக்கற இடத்துல யார் பேர் இருக்குன்னு பாரு.”

“பார்த்தேன். அவர்கள் ஊக்கமளித்தவர்கள்தானே?”

“ஆமா,” என்றாள் உமையாள், சுவரில் நெருடிய இடத்தைச் சுரண்டிக்கொண்டே. “என்னை மாதிரி.”