கைக்கனம்

சற்குணத்தின் முறை வந்ததும் சுவர்த்திரையில் நாற்பது விநாடி குறைய ஆரம்பித்தது. பர்க்கத் பாயின் தோல் கிடங்கு மாடியில் கூடியிருந்த மற்ற ஏழு பேரும் அதைக் கவனிக்காமல் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். அவர் யாரை எடுப்பார் என்பது பெரியமேடு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஐந்து வருடமாகக் கனவணித் தேர்வு நாளில் அவர் வாயிலிருந்து வரும் முதல் பெயர் பிரிசில்லாதான்.

"பிரிசில்லான்னு எழுதிக்க. அடுத்து கோமளா, நீ சொல்லும்மா" என்றார் பர்க்கத் பாய், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இரு பாய்" என்றார் சற்குணம். ஒன்பது விநாடி மிச்சமிருந்தது. "சனதோம்பி."

சமோசா மெல்லும் சத்தம் நின்றது. மணிப்பூர்க்காரி சனதோம்பி நல்ல ஆட்டக்காரிதான், அதில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் சற்குணம் பிரிசில்லாவை விடுவது என்பது பர்க்கத் பாய் பிரியாணியை வேண்டாம் என்று சொல்வதைப்போல. கால்பந்து வலை பின்னும் கடை வைத்திருக்கும் கோமளா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கனவணி ஆடாத வீடு இல்லை. நாட்டில் மொத்தம் மூன்று கோடிப் பேர் ஆடினார்கள். எட்டு எட்டுப் பேராகச் சேர்ந்து, முறை வைத்து, உண்மையான கால்பந்து ஆட்டக்காரிகளில் பதினோரு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்ப எடுத்தவருக்குப் புள்ளி வரும். பெரியமேட்டு எட்டுப் பேருக்குப் பரிசு என்று எதுவும் கிடையாது. ஜெயித்தவரை மற்ற ஏழு பேரும் வருடம் பூராவும் 'கேப்டன்' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடமாக கோமளாதான் கேப்டன். நாற்பத்தாறு வயது மனிதருக்கு அது இப்படி உறுத்தியிருக்க வேண்டியதில்லை. உறுத்தியது.

சற்குணத்தின் தொழில் கால்பந்து ஷூ செய்வது. பெரியமேட்டுக் கால்பந்து அரங்கத்துக்குப் பின்னால் அவருடைய பட்டறை. உள்ளே பாதமானி என்று ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். வெறுங்காலோடு ஏறி நின்றால் பாரம் விழும் இடம் வெள்ளையாகவும் விழாத இடம் நீலமாகவும் தெரியும். தேர்வு நாளுக்கு நான்கு நாள் முன்னால் பிரிசில்லா அதில் ஏறி நின்றாள். வலது குதிகால் பளிச்சென்று வெள்ளை. இடது குதிகால் நீலம்.

"கணுக்கால்ல நரம்பு இழுத்துக்கிச்சுணா. ஆறு வாரம் ஜாஸ்தி ஓடாம இருந்தா தானா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். "இடது பக்கம் மட்டும் இன்சோலை மெத்துனு வச்சுக் குடு. கிளப்புக்குத் தெரியாது. ஆசியக் கோப்பைக்கு ஆள் எடுக்குறாங்க, முப்பத்தொரு வயசுக்கு மேல இன்னொரு தபா என்னைக் கூப்பிட மாட்டாங்க. யாராண்டயும் சொல்லிடாதணா."

"என்னிக்காவது வாய் தொறந்திருக்கேனாம்மா?" என்று கேட்டார் சற்குணம்.

நிஜமாகவே அவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. யாருக்கு முட்டி போயிருக்கிறது, யார் விரல் எலும்பு விரிசலோடு இறுதி ஆட்டம் ஆடினாள் என்பதெல்லாம் அவர் வயிற்றோடு இருந்தன. அதில் அவருக்குப் பெருமை உண்டு. இப்போதும் வாய் திறக்கவில்லை. ஆறு வாரம் பாதி வேகத்தில் ஓடுகிறவளை முதலில் எடுத்தால் இந்த வருடமும் கோமளாதான் கேப்டன் என்று கணக்குப் போட்டார், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டது அவர் மட்டும் அல்ல.

மூன்று கோடிப் பேரின் தேர்வுகளையும் உய்த்தறி என்ற பொறி படித்துக்கொண்டிருந்தது. யார் யாரை எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள், எத்தனை விநாடி தயங்குகிறார்கள் என்று பார்த்து ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு தகவெண் கொடுக்கும். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்வதைவிட அது சரியாக இருந்ததால் கிளப்புகளும் நாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர்களும் அதையே நம்பத் தொடங்கினார்கள். எல்லாருடைய தேர்வையும் உய்த்தறி ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. முன்பு சரியாகச் சொன்னவர் கைக்குக் கனம் கூடும். அந்தக் கைக்கனத்தை அவரவர் மட்டும் பார்க்கலாம். சாதாரண ஆளுக்கு அது ஒன்று. சற்குணத்துக்கு நாற்பத்தோராயிரம்.

தன் ஆட்ட ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் அதை நினைத்திருந்தார். மற்ற ஏழு பேரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்து ரசித்தார். ஞானமாவது ஒன்றாவது. கண்ணாடிப் பலகையில் தெரிந்ததை அவர் கை ஐந்து வருடமாகத் தேர்வு நாளில் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பிரிசில்லாவின் தகவெண் தொண்ணூற்றொன்றிலிருந்து எழுபத்துமூன்றுக்கு இறங்கியிருந்தது. தகவெண்ணைப் பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ளும் அணிகள் லட்சக்கணக்கில் உண்டு. அவையும் அவளைக் கழற்றிவிட, மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை ஆசியக் கோப்பைக்கான முப்பது பேர் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

"நான் வாயே தொறக்கலையே பாய்" என்றார் சற்குணம், தோல் வாங்கப் போன இடத்தில்.

"என்னத்தைத் தொறக்கல?"

"ஒண்ணுமில்ல."

பர்க்கத் பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு வருஷம் தலைமேல வச்சு ஆடினே. திடீர்னு அந்தப் பொண்ணை விட்டே. ஏன்னு எனக்கே தோணுச்சு. மெஷினுக்குத் தோணாதா?"

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண் பன்னிரண்டு வயதிலிருந்து ஓடி ஓடிச் சேர்த்ததை, 'கேப்டன்' என்று ஏழு பேர் கூப்பிடுவதற்காகத் தட்டிவிட்டோமே என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். அவளுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணைத் தட்டினார். இரண்டு முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். சொல்லி என்ன ஆகப்போகிறது, செய்து காட்டுவோம் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வந்ததும் பசித்தது.

பெரியமேட்டு ஆட்டத்தில், சற்குணமே விட்டதைப் பார்த்து மற்றவர்களும் தயங்கியதால், பிரிசில்லாவை மூன்றாவது சுற்றில்தான் கோமளா எடுத்திருந்தாள். சற்குணம் அவள் கடைக்குப் போய் சனதோம்பியையும் தன் கோல்கீப்பரையும் சேர்த்துக் கொடுத்து பிரிசில்லாவைக் கேட்டார்.

"இன்னா சற்குணம், வெயில்ல வந்தியா? தண்ணி குடிக்கிறியா?" என்றாள் கோமளா. சிரித்துக்கொண்டே கைமாற்றிக் கொடுத்தாள்.

நாற்பத்தோராயிரம் கனமுள்ள கை, இரண்டு நல்ல ஆட்டக்காரிகளை விட்டு ஒருத்தியைத் திரும்ப எடுத்திருக்கிறது. உய்த்தறிக்கு இதில் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. அவள் தேறிவிட்டாள். ஐம்பத்தெட்டு எழுபதானது, எழுபது எண்பத்தெட்டானது. பட்டியலில் இருந்த ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து விலக, அந்த இடத்துக்கு பிரிசில்லாவை அழைத்தார்கள். டாக்டர் சொன்ன ஆறு வாரத்தில் அப்போது மூன்றுதான் முடிந்திருந்தது.

சற்குணத்துக்கு மட்டும் அந்த மூன்று வாரம் ஞாபகம் இருந்தது. போன் செய்தார்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா கீதுணா!"

அவள் கால் அவளுக்குத் தெரியாதா என்று சமாதானம் செய்துகொண்டார். பாவம் கழிந்தது என்றுகூட நினைத்தார். அன்று ராயபுரத்திலிருந்து மீன் வாங்கிவந்து சமைத்துச் சாப்பிட்டார். பிற்பாடு இதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

பயிற்சி ஆட்டத்தின் இருபத்துமூன்றாம் நிமிடம், பந்தோடு திரும்புகையில் பிரிசில்லாவின் இடது கால் தரையில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அவள் போட்ட கூச்சலைத் தொலைக்காட்சிக்காரர்கள் சத்தம் குறைத்துக் காட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது கேமரா கிட்டே போய்க் காலைக் காட்டியது. அவர் கையால் தைத்த ஷூ, தையல் பிரியாமல் அப்படியே இருந்தது.

மைதானத்தில் படும் காயத்தை உய்த்தறி யாருடைய தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை. சற்குணம் தன் கைக்கனத்தைத் திறந்து பார்த்தார். நாற்பத்தோராயிரம். ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்டத்தை விட்டே விலகிவிடலாம் என்று பார்த்தார். விலகினால் அதற்கும் உய்த்தறி ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கும், தன்னிடம் ஷூ தைக்கும் மற்றப் பெண்களின் பிழைப்பில் அது விழும் என்று பயந்தார். ஒவ்வொரு கனவணியிலும் காயம்பட்டவரை உட்காரவைக்க ஒரு காத்திருப்பு நாற்காலி உண்டு. எத்தனை மாதத்தில் திரும்புவார் என்று நாமே எழுத வேண்டும், எழுதினால் மாற்ற முடியாது; அதையும் உய்த்தறி கைக்கனப்படி கணக்கிட்டு எல்லாருக்கும் வெளியிடும். இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், அதற்குக் கடைசி நாள் என்று அறிவிப்பு வந்தது. பிரிசில்லா ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வெளியே வந்த படத்தை அவர் ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தார். இந்தத் தடவையாவது பொய் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, டீ குடித்தபடியே 'எட்டு' என்று எழுதினார்.

மதியம் அவளே பட்டறைக்கு வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பாதமானியில் ஏறினாள்.

வலது கால் முழுக்க வெள்ளை. இடது காலில் கட்டைவிரல் நுனியில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை. மற்றதெல்லாம் நீலம். இருபது வருடத்தில் அப்படி ஒரு நீலத்தை அவர் பார்த்ததில்லை.

"மூணு வாரத்துல ஏம்மா எறங்குனே?" என்று கேட்டார்.

"வலி இருந்துச்சுணா. கோச் கேட்டாரு, முடியுமான்னு. முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். எண்பத்தெட்டுன்னு போட்டிருந்துச்சு. இத்தினி பேரு தேறிட்டேன்னு சொல்லும்போது எனக்குத்தான் பயம்போலன்னு நெனச்சுக்கினேன்."

சற்குணம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த எண்பத்தெட்டு நான்தாம்மா. உன்னை முதல்ல விட்டது நான். அதுலதான் உன் பேர் பட்டியல்ல வரல. மனசு கேக்காம கோமளாகிட்டயிருந்து திரும்ப எடுத்தேன். என் கைக்கு நாற்பத்தோராயிரம் கனம். உன் கால் தேறிடுச்சுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. பண்ணினதைச் சரிக்கட்டத்தான் எடுத்தேன். என்னை நாலு அறை அறைஞ்சிடும்மா."

பிரிசில்லா அவரைக் குனிந்து பார்த்தாள். பிறகு, இரண்டு மாதத்தில் முதல் முறையாக இருக்கும், சிரித்தாள்.

"ரொம்பத்தான் நெனப்புணா உனக்கு! மூணு கோடிப் பேர் ஆடுறாங்கோ. பெரியமேட்டுல நீ ஒருத்தன் எடுத்து என் நம்பர் ஏறிச்சா? எனக்காக நீ வருத்தப்படுறேன்னு தெரியுது. அதுக்காக உன் தலைல நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத."

"இல்லம்மா, சத்தியமா..."

"வுடுணா. கால் எப்படி கீது, அதைச் சொல்லு."

அவர் கண்ணாடிப் பலகையைக் காட்டினார். "நல்லா இல்லம்மா. ஒரு வருஷம் ஓடக் கூடாது. அப்புறமும் பழைய ஓட்டம் வருமான்னு தெரியல. யார் வந்து எறங்கச் சொன்னாலும் எறங்காத." யாருடைய காலைப் பற்றியும் அவர் வாய் திறந்து இப்படிச் சொன்னதில்லை.

அவள் முகம் வாடியது. போனை எடுத்தாள். விரல் தள்ளிக்கொண்டே போனது, ஒரு இடத்தில் நின்றது. முகம் மறுபடி மலர்ந்தது.

"நீ பயந்து போயிட்டேணா. இங்க பாரு, எட்டு மாசம்னு போட்டிருக்கு. இன்னிக்குக் காலைலதான் வந்திருக்கு."

"அந்த எட்டும் நான்..."

"மூணு கோடிப் பேரு சொல்றாங்கோ" என்றாள், குழந்தையிடம் சொல்வதைப்போல. "சரி, அளவெடு. எட்டாவது மாசம் ஷூ ரெடியா இருக்கணும்."

அவள் இடது காலை அவர் மடியில் எடுத்து வைத்தாள். கணுக்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. திட்டு வாங்கக்கூட வழியில்லாமல் சற்குணம் நாடாவை எடுத்து அதைச் சுற்றினார்.