கடுகும் கரகரப்பும்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் வீட்டில் யாரும் அவள் கிட்டே போக மாட்டார்கள். எண்ணெயில் விழுந்த மாதிரி வெடிக்கிறாளே என்றுதான் அந்தப் பெயரே வந்தது. ஆறாம் வகுப்பிலும் அதே பெயர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளி இசை அறையில், காது மூக்கு கன்னம் எல்லாமே சிவந்திருந்தன.

"மறுபடியும் கரகரங்குது" என்றார் டீச்சர். "ரெண்டு வாரமா சொல்றேன். உன் விரல்ல வலு போதல. பேஸ் கிட்டார் பெரிய கைங்களுக்கானது."

"அழுத்தித்தான் பிடிக்கிறேன் டீச்சர்."

"அப்புறம் ஏன் கரகரங்குது?"

அதுதான் கடுகுக்கும் தெரியவில்லை. பேஸ் கிட்டாரில் நாலே கம்பிகள். அதன் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். எல்லாவற்றிலும் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் மட்டும், 'தும்' என்று வரவேண்டியது 'தும்கர்ர்ர்' என்று வந்தது. வேறு எங்கேயும் இல்லை. அந்த ஓர் இடத்தில்தான். பாட்டோ, சுற்றிச் சுற்றி அந்த ஓர் இடத்துக்கே வந்து நின்றது.

"டீச்சர், இவ வாசிக்கிறதை என் இடது கையே வாசிச்சிடும்" என்றான் கீபோர்டு வாசிக்கிற பையன். "வலது கைக்குப் பாட்டு, இடது கைக்கு பேஸ். இதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?"

டீச்சர் யோசித்தார். அவர் யோசித்ததே கடுகுக்குப் பிடிக்கவில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் கரகரன்னா, பேஸ் கீபோர்டுக்குப் போயிடும். புதன்கிழமை மேடை ஏறணும், தெரியும்ல?"

கடுகு பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்த வேகத்தில், முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

வீட்டில் அம்மா, ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க கிட்டாருக்கெல்லாம் ஆறு கம்பி. உனக்கு மட்டும் நாலு கொடுத்திருக்காங்க. அதான் கோளாறு. மீதி ரெண்டைக் கேட்டு வாங்கு. நம்மளைப் பாத்தா எல்லாருக்கும் இளப்பம்."

"பேஸுக்கு நாலுதாம்மா."

"யார் சொன்னா?"

"உலகமே சொல்லுதும்மா."

"உலகம் சொன்னா சரியாப் போச்சா?" என்றார் அம்மா. கடுகு யாரைக் கொண்டு பிறந்தாள் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை, கடுகு கிட்டார் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு 'ஒட்டு மாமா' என்று பெயர். எப்போதும் பசை வாசனை. அன்று ஒரு வயலினின் முதுகை ஒட்டி, பசை காயும்வரை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தார்.

எதிரே பழைய சோபாவில் இரண்டு பேஸ் வாசிப்பவர்கள். ஹோட்டலில் வாசிக்கும் உயரமானவர் 'தூண்'. ரெக்கார்டிங்குக்குப் போகிறவர் 'மௌனம்'. ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"பத்து வருஷமா அதே கம்பி" என்று தூண் சொல்லிக்கொண்டிருந்தார். "கழட்டவே மாட்டேன். புதுக் கம்பின்னா தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு."

"அதான் உன் பக்கத்துல யாரும் நிக்கிறதில்ல. கம்பியில பாசி புடிச்சிருக்கு."

"உன் வாயில புடிக்காது. அதுக்குத்தான் ஓய்வே இல்லையே."

"மாமா" என்றாள் கடுகு. "என் பேஸ் கரகரங்குது."

அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"விரல்தான் பாப்பா" என்றார் தூண். "ரப்பர் பந்தை எடுத்துத் தினமும் இருநூறு தடவை பிசை."

"பந்தாவது கிந்தாவது. கம்பியில அழுக்கு. கழட்டிக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பத்து நிமிஷம் வேகவை. புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் மௌனம்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா" என்றார் ஒட்டு மாமா. "கம்பி தாழ்ந்து போய் ஃப்ரெட்ல உரசுது. அந்த மேசை மேல குட்டிச் சாவி இருக்கு பாரு, எடுத்துக்கோ. அடியில இருக்கிற திருகை ரெண்டு சுத்து ஏத்து."

"வாசிச்சுக் காட்டட்டுமா?"

"எதுக்கு? கேட்டவுடனே தெரியுதே" என்றார் மௌனம். உண்மையில் அவர் எதையும் கேட்கவில்லை. உறையைத் திறக்கச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மூவரும் தங்களுக்குள் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

"அப்புறம், நான் பாப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள் கடுகு.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மூன்றையும் செய்தாள். பந்தைப் பிசைந்து பிசைந்து கை மரத்துப்போனது. கம்பிகளைக் கழற்றிப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தாள்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். "என்னடி இது, நூடுல்ஸா?"

"கம்பிம்மா."

"கம்பியைச் சமைக்கச் சொன்னவன் வீட்டுக்கு மட்டும் நாம சாப்பிடப் போயிடக் கூடாது" என்றார் அம்மா. அந்தப் பாத்திரத்தைக் கடுகுதான் மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது.

கம்பிகளைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். திருகையும் ஏற்றினாள். உயர்ந்துவிட்ட கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனியில் கொப்புளம் வந்தது. கரகரப்பு போனதா? சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப் வீட்டில் இல்லை. ஆம்ப் இல்லாத பேஸ், போர்வைக்குள் பேசுகிற மாதிரி. ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்குப் போனாள். இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. கடை ஆம்பில் ஒயரைச் சொருகினாள். தடித்த கம்பி, மூன்றாவது ஃப்ரெட்.

தும்.

சுத்தமாக வந்தது. நான்கு முறை வாசித்தாள். நான்கு முறையும் தும்.

"பாத்தியா, பந்து" என்றார் தூண்.

"வேகவெச்சதுய்யா."

"என் சாவி" என்றார் ஒட்டு மாமா.

யாருடையதாக இருந்தால் என்ன? கடுகு துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை, இசை அறை. எல்லாரும் தயாராக நின்றார்கள். கடுகு மூச்சை இழுத்துக்கொண்டு மீட்டினாள்.

தும்கர்ர்ர்.

"சரி, போதும்" என்றார் டீச்சர். "அதைக் கழட்டி வெச்சிடு. நீ கோரஸ்ல நில்லு."

கடுகுக்குக் காது சிவந்தது. மூக்கு சிவந்தது. ஆனால் இந்த முறை கோபத்துக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடியது. நேற்றும் இதே விரல். இதே கம்பி. இதே பேஸ். நேற்று இல்லாதது எது? இந்த அறை. இந்த ஆம்ப்.

"டீச்சர், அவன் வாசிக்கட்டும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்ல, இப்பவே. அவனோட இடது கை. என்னோட சுரம். நான் கையைக் கட்டிட்டு நிக்கிறேன்."

பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டாள். பையன் சிரித்தபடி கீபோர்டின் இடது மூலையில் ஒரு கட்டையை அழுத்தினான். கீபோர்டுக்குத் தனி ஸ்பீக்கர்.

தும்கர்ர்ர்.

பழக்கதோஷம், எல்லாரும் கடுகைத் திரும்பிப் பார்த்தார்கள். கடுகு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"விரல்ல வலு போதல போல" என்றாள் பையனைப் பார்த்து.

அவன் சிரிப்பு நின்றது.

"கையை எடுக்காத. அழுத்திட்டே இரு. யாரும் பேசாதீங்க."

கடுகு காதை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டாள். இல்லை. டிரம்ஸ் அருகே போனதும் டிரம்ஸ்காரி, "சத்தியமா நான் இல்ல" என்று குச்சிகளைக் கீழே வைத்தாள். மூலை அலமாரிப் பக்கம் போகப் போகக் கரகரப்பு பெரிதானது. அலமாரி மேல் பளபளவென்று ஒரு கோப்பை. விரலால் தொட்டாள்.

கரகரப்பு நின்றது.

விரலை எடுத்தாள். கர்ர்ர். தொட்டாள். நின்றது.

கோப்பையில் பதித்த பித்தளைத் தகடு, ஒரு பக்கத் திருகு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் 'கீபோர்டு – முதல் பரிசு' என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பையன் வென்று வந்து, தானே பெருமையாக ஏற்றி வைத்த கோப்பை. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் தகடு கூடவே அதிர்ந்தது.

"முதல் பரிசுதான் கரகரத்திருக்கு" என்றாள் டிரம்ஸ்காரி. அறையே சிரித்தது.

பையனின் காது சிவந்தது. காது சிவந்தால் எப்படி இருக்கும் என்று கடுகுக்குத் தெரியும். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல வார்த்தைகள். விழுங்கினாள்.

"சிரிக்காதீங்க" என்றாள் எரிச்சலோடு. "திருகு கழண்டதுக்கு அவன் என்ன பண்ணுவான்?"

நோட்டில் ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, தகட்டுக்குப் பின்னால் இறுக்கிச் செருகினாள். தகடு வாயை மூடிக்கொண்டது.

"சரி சரி, நேரமாச்சு. எல்லாரும் இடத்துக்குப் போங்க" என்றார் டீச்சர்.

எல்லாரும் போனார்கள். கடுகு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன?"

"ரெண்டு வாரமா எல்லார் முன்னாடியும் என் விரலைச் சொன்னீங்க டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவளுடைய கொப்புளத்தைப் பார்த்தார்.

"உன் விரல் மேல தப்பில்ல. நான்தான் சரியாக் கேக்கல" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

கடுகு பேஸை மாட்டிக்கொண்டாள். ஆம்பில் சத்தத்தைக் கூட்டும் திருகைப் பாதிக்கு மேல் திருப்பினாள். பாட்டு தொடங்கியது. மூன்றாவது ஃப்ரெட்டுக்கு வந்தபோது, தரை வழியாக எல்லாருடைய உள்ளங்காலிலும் அது ஏறியது.

பையன் வாசித்தபடியே அவள் பக்கம் சாய்ந்தான். "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கிறியா?"

"மாட்டேன்" என்றாள் கடுகு.