வடக்குப் பார்த்த கொடி

மழைக்காலத்தில் துணி காயாததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில் துண்டு, உள்ளாடை, ஷூகோவின் தடித்த காலுறை வரைக்கும் எப்படியோ காய்ந்து மடித்து வைத்தாகிவிட்டது. பின்பக்கம் கூரைக்கடியில், மலைக்காற்று விடாமல் அடிக்கிற இடத்தில் தொங்கிய விசிறிச் சட்டை மட்டும், முதல் நாள் போட்டபோது எப்படிச் சொட்டியதோ அப்படியே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கனாயே அதன் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். தூங்கிப்போன குழந்தையைத் தூக்கினால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது.

அவள் கணவன் ஷூகோவுக்குச் சாலையில் வேலை. மலையைக் குடைந்து போகிற நெடுஞ்சாலையில், சுரங்கத்தின் வாயருகே நின்று, ஒளிரும் குச்சியை ஆட்டி லாரிகளை நிறுத்த வேண்டும், விட வேண்டும். அந்தச் சட்டையின் இடுப்புக்குப் பின்னால் இரண்டு வட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றில் சின்ன விசிறிகளைப் பொருத்திவிட்டால் காற்றை உள்ளே இழுத்துச் சட்டை உப்பிக்கொள்ளும், வியர்வை ஆறும். தோளிலும் மார்பிலும் சிவப்பு விளக்குப் பட்டைகள் தைத்திருக்கும். மூடுபனியில் லாரிக்காரன் கண்ணில் முதலில் படுவது அந்த விளக்குதான், ஆள் அப்புறம்தான். இது காயும்வரை ஷூகோ பழைய சட்டையில் போய்க்கொண்டிருந்தான். அதில் பாதி விளக்கு செத்துவிட்டது. 

துவைப்பதில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. விசிறிகளையும் பேட்டரியையும் கழற்றி அலமாரியில் வைத்தாள். வயரின் முனைக்கு ரப்பர் மூடி போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசினாள், முறுக்கவில்லை. நிழலில் உலர்த்தவும் என்று கழுத்துப் பட்டையில் அச்சடித்திருந்தது. வசந்தத்தில் குடிவந்த இந்த வாடகை வீட்டில் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் மலையைப் பார்த்த பின்சுவர்தான். வியர்வை நாற்றம் மட்டும் போகவில்லை. ஊறவைத்தால் வயர் கெட்டுவிடும் என்பதால், கொடியில் தொங்கவிட்டபடியே, காலையும் மாலையும் அகப்பையால் நல்ல தண்ணீர் மொண்டு தோளில் ஊற்றி வந்தாள். அடிக்கிற காற்றுக்கு ஒவ்வொரு தடவையும் அடுத்த வேளைக்குள் காய்ந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

"என்னக்கூட நீ இவ்ளோ பதமா குளிப்பாட்டினதில்ல" என்றான் ஷூகோ.

"நீங்க மிஷின்ல போட்டாலும் கெட மாட்டீங்க."

அது முதல் நாள். இன்று மதியம் வேலைக்குக் கிளம்பும்போது அவன் கேலி எதுவும் பேசவில்லை. குழாயடியில் நின்று குவளை குவளையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மோவாயில் வழிந்து சட்டை நனைந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"குழம்புல உப்பு ஜாஸ்தியாங்க?"

"இல்ல. நீ அந்தச் சட்டைய நனைச்ச நாள்லேருந்தே இப்படித்தான். எவ்ளோ குடிச்சாலும் நாக்கு ஒட்டுது."

வாற்கோதுமைத் தேநீரை இரண்டு குடுவைகளில் நிரப்பிக் கொடுத்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் அவன் ஒரு குடுவையைத் திறந்துவிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில், வழக்கம்போல அகப்பையும் வாளியுமாக அவள் பின்பக்கம் நின்றிருந்தபோது, வீடு வீடாகக் கைமாறும் தெருச்சுற்றறிக்கைப் பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுத் தொகுகோ வந்தாள். நாற்பது வயது, நாக்கு மட்டும் இன்னும் பதினாறில் நிற்கிறது.

"என்ன கனாயே, மழை பத்தலன்னு நீ வேற ஊத்தறியா?"

சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டையைப் பார்த்தாள். அகப்பையைப் பார்த்தாள். சுவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போகலியே அக்கா. இவரோடதுதான். வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை."

தொகுகோ பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ ஒசாகாவுல வளந்தவ, உனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் செத்தவங்க துணியத்தான் வடக்கு பாத்துத் தொங்கவிடுவாங்க. காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துவாங்க. போற வழியில அவங்களுக்குத் தாகம் எடுக்குமாம்."

"எத்தன நாளைக்கு?" கனாயே சிரிக்கத்தான் பார்த்தாள்.

"நாப்பத்தொம்பது நாளைக்கு. அதுவரைக்கும் காய விடமாட்டாங்க. காஞ்சிட்டா ஆளு போய்ச் சேந்தாச்சுன்னு கணக்கு." அவள் பார்வை சட்டையின் மேலேயே இருந்தது. "பழங்கதைதான், விடு. ஆனா உள்ள எடுத்துப் போட்டுடு. உசுரோட இருக்கற மனுசனுக்கு இது எதுக்கு?"

பலகையைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு, குடையைக்கூட விரிக்காமல் போனாள்.

கனாயே சட்டையை உள்ளே கொண்டுவந்து, பாய் விரித்த அறையின் நடுவே கொடியில் மாட்டினாள். வெளியே மழை வலுத்தது. ஓட்டுக்கூரையில் விழும் சத்தமும் பின்னால் ஓடையின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்தன. நனைந்த மண்ணும் துரு வாடையும் வியர்வையும் சேர்ந்த ஒரு நெடி அறையை நிறைத்தது. அது ஷூகோவின் வியர்வைதான், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழகின வாசனைதான். ஆனாலும் இன்று அவளுக்கு விளக்கைப் போட வேண்டும்போல் இருந்தது. போட்டாள். பாயில் சட்டையின் நிழல் விழுந்தது, தோள் அகலமாக, தலை இல்லாமல்.

பழங்கதையாவது ஒன்றாவது என்று சொல்லிக்கொண்டாள். சீக்கிரம் காயவைத்துவிட்டால் நாளைக்கே இதைப் போட்டுக்கொண்டு போவான், விளக்கு எரியும், லாரிக்காரன் கண்ணில் படுவான். வேறென்ன வேண்டும்? தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து சட்டையின் வலது கையில் காட்டினாள். இத்தனை நாள் காற்றுக்கு அசையாத ஈரம், சூடு பட்டதும் மளமளவென்று விலகியது. வலது கை காய்ந்தது. வலது தோள் காய்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. ஷூகோ.

"கனாயே, ரொம்பத் தாகமா இருக்கு."

"ரெண்டு குடுவையும் காலியா?"

"காலி." பின்னால் மழை கேட்டது. லாரிகள் போகிற இரைச்சலும் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் வேகம் குறையாமல். "இங்க என்னமோ சரியில்ல. நானும் குச்சிய ஆட்டறேன், எவனும் நிக்க மாட்டேங்கறான். அப்படியே போறான். மேஸ்திரி பக்கத்துலதான் நிக்கறாரு. கூப்பிட்டேன், திரும்பிகூடப் பாக்கல."

"ஏங்க, நீங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"வலது கை மரத்துப்போச்சு." குரல் தேய்ந்தது. "தோளும்..."

"என்னது? கேக்கல. சத்தமா பேசுங்க."

கருவி அவள் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சூடான காற்று சட்டையின் மார்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஈரத்தின் கரிய ஓரம் விரல் விரலாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

காஞ்சிட்டா ஆளு போய்ச் சேந்தாச்சு.

கருவியைக் கீழே போட்டாள். பின்பக்கம் ஓடி வாளியை இழுத்து வந்தாள். அகப்பையில் மொண்டாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, காய்ந்த தோளில் ஊற்றினாள்.

"ஆங்..." என்றான் ஷூகோ. குரல் தெளிந்து வந்தது, அறைக்குள்ளேயே பேசுவது மாதிரி. "இன்னும் கொஞ்சம்."

ஊற்றினாள். தோள்பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பேட்டரி அங்கேயே இருந்தது. விசிறிகளும் இருந்தன. வயரின் முனையில் ரப்பர் மூடி போட்டபடியே இருந்தது.

ஊற்றினாள். மார்பில் விளக்கு எரிந்தது. இடுப்பு ஓட்டைகளில் காற்று சீறியது. சட்டை உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது. காற்றை வைத்துக்கொண்டு ஓய்ந்து, பிறகு விட்டது.

"எங்க இருக்கீங்க?"

"தெரியல. இருட்டா இருக்கு. உன் கை மட்டும் தெரியுது."

வாசல் மணி அடித்தது.

வாசல் கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு உருவங்கள். தலைக்கவசங்களைக் கழற்றி வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். மழையில் அப்படி யாரும் நிற்கமாட்டார்கள்.

"அம்மா, கம்பெனிலேருந்து வந்திருக்கோம். ஷூகோ விஷயமா." வயதான குரல். மேஸ்திரியாகத்தான் இருக்க வேண்டும். "சாயங்காலத்திலேருந்து கூப்பிட்டுட்டே இருக்கோம். எங்க போன்ல போகலன்னு அவரு போன்லயும் அடிச்சுப் பாத்தோம். அது எங்ககிட்டதான் இருக்கு. கொஞ்சம் கதவத் திறங்கம்மா."

அவள் காதிலிருந்து போன் நழுவிப் பாயில் விழுந்தது.

"கனாயே, தாகமா இருக்கு."

குரல் கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து வந்தது.

திறந்தால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் திறக்கப்போவதில்லை. அழுதுகொண்டே மொண்டாள். ஊற்றினாள். மொண்டாள்.

"அம்மா. உள்ளதான இருக்கீங்க?"

ஊற்றினாள். சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம் உப்பித் தணிந்தது. அகப்பை கனத்து அவள் கையிலிருந்து சரியப் பார்த்தது. அப்போது சட்டையின் வலது கை மெதுவாக எழுந்தது. உள்ளே எதுவும் இல்லாத, நிறைந்த கை. அகப்பையின் அடியைப் பதமாகத் தாங்கி, கழுத்துப் பட்டையின் பக்கம் சாய்த்தது.

விழுங்குகிற சத்தம்.

வாளி காலியாகிவிட்டது. பாயில் ஒரு சொட்டும் விழுந்திருக்கவில்லை.

"இன்னும்" என்றது.