நாலாவது ஆளாக ஒரு கல்

அன்று வண்டியில் இருந்தவர்கள்:

இசக்கிபாண்டி, ஸ்டியரிங்கில்.
ஜெயகிருஷ்ணன், அவன் பக்கத்தில், மடியில் பிரிண்ட் எடுத்த தாளோடு.
நான், யோகராஜ், பின் சீட்டில் இடது ஓரம்.
ஒரு கல், பின் சீட்டில் வலது ஓரம்.

நாலாவதாக வரவேண்டிய கூட்டாளி சீனி வண்டியில் இல்லை. காய்ச்சல் என்று காலை ஆறரை மணிக்கு போன் செய்து வராமல் நின்றுவிட்டான். கோவில்பட்டியில் அவன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தான். அதற்கு அவன் மனைவி சுதாராணி சாட்சி.

நாங்கள் வேம்பார் கடற்கரைக்குக் கிளம்பினோம். ஜெயகிருஷ்ணன் வீட்டை விட்டு இறங்கும் முன்பே பயணத்தைத் தாளில் முடித்துவிடுகிறவன். எட்டயபுரத்தில் டீ 7.40, விளாத்திகுளத்தில் இட்லி 8.30, ஒன்றுக்குப் போகக்கூட ஒரு நேரம். யார் எந்த சீட் என்று படம் வரைந்து பெயர் எழுதியிருப்பான். தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. பாண்டி நேர் எதிர். எங்காவது புழுதி பறந்தால் வண்டியை அங்கே திருப்புவான். போன வழியில் திரும்பி வருவது அவனுக்கு அவமானம். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஏழு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வேலையை விட்டவன். பகலில் வண்டி நகர்ந்தால் தூங்கிவிடுவேன்.

ஜெயகிருஷ்ணனின் அம்மா முத்துமாரியம்மாள் வாசலில் நின்று எங்களை எண்ணினார்.

“மூணு பேராவா போறீங்க? மூணு ஆகாது, வேண்டாம்டே.”

“சீனி வரலம்மா.”

“அப்ப ஒரு கல்லை எடுத்துப் போட்டுக்கிடுங்க. நாலாவது ஆளா இருக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தெரு முழுக்க சிமெண்ட் பதித்திருந்தார்கள். கல் இல்லை. ஜெயகிருஷ்ணன் தாளின் அடியில் ‘கல்’ என்று எழுதிக்கொண்டான். பக்கத்தில் நேரம் போட முடியவில்லை. வழியெல்லாம் அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

எட்டயபுரத்தில் டீ குடித்தோம். அதுவரை தாள்படி. அதன்பிறகு பாண்டி விளாத்திகுளம் ரோட்டை விட்டுவிட்டு எப்போதும்வென்றான் பக்கம் திருப்பினான். ஜெயகிருஷ்ணன் கத்தியதும் பாண்டி சிரித்ததும் தூக்கத்தில் கேட்டது.

வண்டி நின்றபோது விழித்தேன். மண் பாதை. இரண்டு பனைமரங்கள், ஒன்றுக்குத் தலை இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு பாதம் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. ஆட்டுப் புழுக்கை. ஆள் நடமாட்டம் இல்லை.

வரப்போரம் ஒரு கல் நட்டிருந்தது. தேங்காய் அளவு.

“கேட்டுக்கிட்டே வந்தல்லா, இந்தா உன் கல்லு,” என்று பாண்டி அதைப் பிடுங்கினான்.

கரிசலில் கல் கிடையாது. ஆளுயரம் தோண்டினாலும் மண்தான். ஒரு கல் இருந்தால் அது யாரோ சுமந்து வந்து வைத்தது. இந்த மண்ணில் பிறந்த மூன்று பேருக்கும் இது தெரியும். அன்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கல்லின் அடியில் மஞ்சளாக இருந்தது.

“ரோடு அளக்குறவன் பூசுன பெயிண்ட்டு,” என்றான் ஜெயகிருஷ்ணன். அவனுக்கு நேரமாகியிருந்தது. தாளில் பின் சீட்டின் வலது ஓரத்தில் சீனி என்று அச்சாகியிருந்தது. அதை அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் சின்னதாக ‘கல்’ என்று எழுதினான். “இதுதான் சீனி. சரியாப் போச்சு.”

பாண்டி பின் கதவைத் திறந்து பிடித்தான். “ஏலே சீனி, ஏறுடே. சீனி, ஏறு. ஏ சீனி, உன்னத்தாம்ல.”

மூன்று தடவை. நான்கூடச் சிரித்தேன்.

குளத்தூர் தாண்டியதும் சீட் பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது.

முன்னால் இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். நானும் போட்டிருந்தேன். முன் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட், வலது ஓரம்.

“கல்லு வெயிட்டுக்கு அடிக்குது,” என்றான் பாண்டி.

தேங்காய் அளவு கல்லுக்கு அந்த மணி அடிக்காது. ஆள் உட்கார்ந்தால்தான் அடிக்கும். நான் திரும்பிப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் சீட் அழுந்தியிருந்தது. கல்லைச் சுற்றி மட்டும் அல்ல. அகலமாக. முதுகு சாயும் இடத்திலும்.

ஒரு வாடை வந்தது. முதல் மழை விழுந்த கரிசல் வாடை, அதோடு மஞ்சளும் புளித்த பாலும். வெளியே வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அப்போது ஜெயகிருஷ்ணனின் போன் அடித்தது. சுதாராணி.

“அண்ணே, இவிய என்னமோ மாதிரி பேசுதாவ. கண்ணை மூடிக்கிட்டு, ‘சீட்டு சுடுது, ஜன்னலத் தொற’ங்காவ. ‘என்னைய எங்கன கூட்டிட்டுப் போறானுவ’ன்னு கேக்காவ. உடம்பு எடையே இல்லாத மாதிரி இருக்குண்ணே. தூக்கி உக்கார வச்சேன், பஞ்சு மாதிரி இருக்காவ.”



நான் மெல்லக் கையை நீட்டி வலது பக்க சீட்டைத் தொட்டேன்.

சுட்டது. காய்ச்சல்காரன் படுத்து எழுந்த பாய் மாதிரி.

“வண்டியத் திருப்பு,” என்றேன். “கல்லை எடுத்த இடத்துலயே வைக்கணும்.”

இடம் எது?

ஜெயகிருஷ்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டயபுரத்துக்குப் பிறகு நாங்கள் போன எந்த ஊரும் அதில் இல்லை. பாண்டிக்கு வியர்த்தது.

“எந்தப் பாதையில திரும்புனல?”

“பாதையா? புழுதி தெரிஞ்சிது. திருப்புனேன்.”

“யோசிடே!”

“நான் எப்பம்ல யோசிச்சு ஓட்டிருக்கேன்?”

பாண்டி ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான். நான் தூங்கிக்கொண்டு வந்தவன். எனக்குத் தெரிந்தது இரண்டு பனைமரம், ஒன்றுக்குத் தலை இல்லை. அந்தக் கரிசல் காட்டில் எல்லாப் பாதையும் ஒன்றுதான். எல்லா வரப்பும் ஒன்றுதான். மணி நிற்காமல் அடித்தது. இரண்டு தடவை சுதாராணி கூப்பிட்டாள். சீனிக்கு மூச்சு மேலும் கீழும் இழுக்கிறது என்றாள். மூன்றாவது தடவை அழுகை மட்டும் கேட்டது.

மத்தியானம் இரண்டரைக்குத் தலையில்லாத பனை கண்ணில் பட்டது.

வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பால் செம்பு. கல் இருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டி கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான்.

“நீங்கதான் எடுத்தியளா?” என்றாள். கோபம் இல்லை. “எங்க வீட்டுக்காரர் செத்துப் பதினோரு நாள் ஆகுது. ஆடு மேய்க்க வந்த இடத்துல இங்கனதான் விழுந்து கெடந்தாவ. பதினாறு முடியுற வரைக்கும் அவிய அந்தக் கல்லுல இருக்கணும்னு நட்டு வச்சோம். மாலையப் போட்டா ஆடு தின்னுபோடுது.”

“தெரியாமச் செஞ்சுட்டோம்க்கா,” என்றான் ஜெயகிருஷ்ணன்.

அவள் கல்லை வாங்கினாள். கையில் தூக்கி எடை பார்த்தாள். முகம் மாறியது.

“இது வெறும் கல்லு. அவிய இதுல இல்ல.” எங்கள் மூவரையும் பார்த்தாள். “வேற பேரு எதுவும் சொல்லிக் கூப்பிட்டியளா?”

ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்தான். “சீனின்னு. எங்க கூட்டாளி. வீட்டுல காய்ச்சல்ல கெடக்கான்.”

“எத்தன தடவ?”

“மூணு.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். அது அழுகையின் மூச்சு அல்ல. “அப்ப அவிய அந்தப் பேருக்காரர்கிட்டப் போயிட்டாவ.”

“அக்கா, இதுக்கு என்ன செய்யணும்?”

“கட்டுனவ நான் இந்தக் கல்லத் தொட்டு அவிய பேரை மூணு தடவ சொன்னா இங்க திரும்பி வந்துருவாவ.”

“சொல்லுங்கக்கா. உங்க கால்ல விழுதேன்.” பாண்டி உண்மையிலேயே விழுந்தான்.

அவள் கல்லைக் கீழே போட்டாள். முழங்கையிலிருந்து சேலைத் தலைப்பை விலக்கினாள். கை கோணலாக ஒட்டியிருந்தது. முறிந்து, வைத்தியம் பார்க்காமல் தானாகச் சேர்ந்த எலும்பு.

“அவிய வீட்டுக்குள்ள வந்ததும் மொத வேலையா கதவப் பூட்டுவாவ. பட்டப்பகல்லயும். சாவிய மடியில சொருகிக்கிடுவாவ. பூட்டுன பெறவுதான் கை நீட்டுவாவ. பத்தொன்பது வருசம். இந்தப் பதினோரு நாளாத்தான் நான் கதவத் தொறந்து போட்டுத் தூங்குதேன்.”

“அங்க ஒரு பொண்ணு இருக்குக்கா,” என்றேன். “அவன் பொண்டாட்டி.”

அவள் கீழே கிடந்த கல்லைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“பேரையாவது சொல்லுங்க, நாங்க கூப்பிட்டுப் பாக்கோம்,” என்றான் ஜெயகிருஷ்ணன். கையில் பேனா இருந்தது.

“புருசன் பேரைப் பொண்டாட்டி சொல்லக் கூடாதுன்னு அவியதான் அடிச்சுச் சொல்லிக் குடுத்தாவ,” என்றாள். “சொல்ல மாட்டேன்.”

பாலைக் குழியில் ஊற்றினாள். வெடிப்பு ஒரு நொடியில் அதைக் குடித்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்து போனாள்.

சுதாராணி மறுபடி கூப்பிட்டபோது வண்டியில் ஏறிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை சிரித்தாள். “காய்ச்சல் விட்டுட்டுண்ணே! ரெண்டே முக்காலுக்கு டக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாவ. பசிக்குதுங்காவ.”

கல் அங்கேயே வரப்பில் கிடந்தது. நானே கண்ணால் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். பாண்டி வண்டியை எடுத்தான்.

மணி அடித்தது.

பின் சீட், வலது ஓரம்.

இப்போது மழை வாடை இல்லை. காய்ச்சல் மாத்திரை வாடை வந்தது. என் பக்கத்தில் யாரோ பல்லைக் கடித்து நடுங்கும் சத்தம். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சுப் படிந்து படிந்து மறைந்தது. கோவில்பட்டி வரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாண்டி வாழ்க்கையில் முதல் தடவையாக நேர் ரோட்டில் ஓட்டினான்.

ஐந்து மணிக்கு சீனி வீட்டு முன்னால் நிறுத்தினோம். இன்ஜினை அணைக்காமலே மூவரும் இறங்கினோம். வெயில் இன்னும் இருந்தது.

சீனி வாசலில் நின்றிருந்தான். சட்டை இல்லை. எங்களைப் பார்த்தால் “ஏலே” என்றுதான் தொடங்குவான்.

“வாங்க அண்ணாச்சி,” என்றான்.

நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தவன். கால் விரல் இடுக்கெல்லாம் கரிசல் மண் காய்ந்திருந்தது.

சுதாராணி அவனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் நிம்மதி. “பயந்தே போயிட்டேண்ணே. உள்ள வாங்க, டீ போடுதேன்.”

“தங்கச்சி, நீ இங்கன வா,” என்றான் ஜெயகிருஷ்ணன். “ஒரு நிமிசம். வண்டிகிட்ட வா.”

“பால அடுப்புல வச்சிருக்கேன், பொங்கிரும். இந்தா வாரேன்.”

“சுதா, சொல்லுததக் கேளு!”

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

எங்களுக்குப் பின்னால் காலி வண்டியில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சீனி தலையைச் சாய்த்து எங்களைத் தாண்டிப் பின் சீட்டைப் பார்த்தான். வலது ஜன்னலை. அங்கே யாரோ உள்ளிருந்து உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார்கள். பலமில்லாத தட்டு.

அவன் புன்னகைத்தான்.

பிறகு திரும்பி சுதாராணியின் பின்னால் உள்ளே போனான். பாண்டி படியில் பாய்ந்து ஏறுவதற்குள் கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. பூட்டில் சாவி இரண்டு சுற்று சுற்றியது.