பல் பதிந்த தகடு

கல் உடைக்கும் கூடத்துக்குள் தமெத்கென் மறுபடி காலடி வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பல்காஷ் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று வெளியே கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளே அதே செம்புக்கல் புழுதி, அதே கிரீஸ் வாடை, பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கை தெரிகிற அதே இருட்டு. அவள் கையில் ஒரு துணிப்பை, அதில் காலையில் எண்ணெயில் சுட்டெடுத்த ரொட்டிகள். வெள்ளிக்கிழமை எண்ணெய் வாசம் எழுந்தால் செத்தவர்களுக்குப் பசியாறும் என்பது அவள் சனத்தின் வழக்கம். அவள் புருஷன் தொக்தார் செத்தது வீட்டில் இல்லை, இங்கே. அதனால் ரொட்டியும் இங்கே வந்தது.

வேலைக்குத் திரும்பினாள் என்று பெயர்தான். வந்தது வயிற்றெரிச்சலோடு.

கல் கிடங்கின் அடியில், ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது அந்த நீண்ட இரும்புத் தொட்டி. அதிர்ந்து அதிர்ந்தே கல்லை முன்னால் தள்ளிவிடும். கூடத்தில் அதைத் தொட்டில் என்பார்கள். ஸ்பிரிங்குக்கென்று சொந்தமாக ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் ஆட்டினால் கொஞ்சம் மின்சாரத்திலேயே மலை மலையாகக் கல் நகரும், பிசகினால் ஒரு கல்லும் அசையாது. பாரம் ஏறினால் தாளம் மெதுவாகும். முன்பெல்லாம் ஆள் நின்று திருகித் திருகி அதைப் பிடிப்பான். தலைமை எஞ்சினியர் ஒராஸ்பாய் வந்து அதற்கொரு பெட்டியை மாட்டினார். தொட்டில் காலியானதும் பெட்டி தானே அதை ஆட்டிப் பார்க்கும், தாளத்தைத் தேடிப் பிடிக்கும், எண்ணாகக் காட்டும். எண் இறங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டிலுக்குள் இறங்கிச் சுரண்டுகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம். சுவரில் தொங்கும் நாலாம் நம்பர் தகட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். தகடு கொக்கியை விட்டு இறங்கினால் மின்சாரம் அறுந்துவிடும்.

தொக்தார் இறங்கியபோது தொட்டில் ஆடியது. அந்த ஆட்டத்தில் மேலே ஒட்டித் தொங்கிய கல் சரிந்து அவனை மூடியது. குடித்துவிட்டுத் தகடு எடுக்காமல் இறங்கினான், தகடு கொக்கியிலேயே தொங்கியது என்று ஒராஸ்பாய் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

பாவி, வாய் கூசாமல் சொன்னான். தொக்தார் மோர் தவிர வேறெதையும் குடித்தவனில்லை. இரண்டு கையையும் ஊன்றித் தவழ வேண்டும் என்பதால் தகட்டைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இறங்குவான். எலும்பு கவ்வின நாய் போகுது பார் என்று கூடமே சிரிக்கும். அலுமினியத் தகட்டின் ஓரமெல்லாம் அவன் பல்தடம்தான். நடுவில் ஓரிடம் மட்டும் வழவழவென்றிருக்கும், அங்கே அவனுக்குப் பல் கிடையாது.

இப்போது கொக்கியில் தொங்கியது புத்தம் புதுத் தகடு.

"பழசு எங்கடா?" என்று தமெத்கென் கேட்டாள்.

ஃபிட்டர் வேலை பார்க்கும் கெங்கெஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தொக்தாருக்குத் தம்பி முறை. அடக்கத்துக்கு முன் உடம்பைக் குளிப்பாட்டிய ஆண்களில் ஒருவன்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன். அண்ணனோட மிச்சமிருந்த முன்பல்லும் உடைஞ்சிருந்துச்சு. கல்லு பட்டா உள்ள மடங்கணும். அது வெளிப்பக்கமா உடைஞ்சிருந்துச்சு. வாயிலேர்ந்து எதையோ பிடுங்கின மாதிரி."

அவள் புதுத் தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. பெட்டியப் பாருங்க. தொட்டில்ல ஒரு கல்லு கூட இல்ல, கூட்டி வச்சிருக்கேன். ஆனா ஒரு ஆள் பாரம் இருக்குங்குது. அன்னைக்கிலேர்ந்து இதே கததான்."

அவள் குனிந்து தொட்டிலுக்குள் பார்த்தாள். இருட்டு. இரும்பின் குளிர் முகத்தில் அறைந்தது.

அதற்குள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது.

"என்ன இங்க மாநாடு?" ஒராஸ்பாய் வந்து நின்றார். பின்னாலேயே நாலைந்து ஆட்கள். "அடியில கல்லு ஒட்டியிருக்கு, அதான் பாரம் காட்டுது. கெங்கெஸ், இறங்கிச் சுரண்டு."

"நான் இறங்க மாட்டேன் ஐயா."

"ஏன், பேய் பிடிச்சிக்குமா? பாவாடை கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன் ஐயா. உசிரோட இருந்தா எதையும் கட்டிக்கலாம்."

ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். ஒராஸ்பாயின் முகம் சிவந்தது. கெங்கெஸின் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு தொட்டிலின் விளிம்பில் கால் போட்டார்.

என்ன இருந்தாலும் ஒரு உயிர். தமெத்கென்னின் கை தன்னையறியாமல் கொக்கிக்குப் போனது.

"தகட்டை எடுக்கிறேன், இருங்க."

"அதை எடுத்து என்ன ஆகப்போகுது?" என்றார் அவர் எரிச்சலாக. "பெட்டி இப்பதான் தேடி முடிச்சிச்சு. மறுபடி தேட நேரமிருக்கு."

சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போய்விட்டார்.

தமெத்கென் புதுத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தகட்டை எடுத்தாலும் பெட்டி தேடும். அதுவா விஷயம். வேலை தடைப்படக் கூடாதென்று பெட்டிக்கு மட்டும் தனியாக ஒயர் இழுத்திருக்கிறான். தெரிந்தே இழுத்திருக்கிறான். இவனையா காப்பாற்றப் போனோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்ளே விளக்கு வெளிச்சம் தவழ்ந்து தவழ்ந்து நடுத்தொட்டிலை எட்டியது.

பெட்டியின் எண் இறங்கியது. இரண்டு ஆள் பாரம்.

"அண்ணி," கெங்கெஸ் கிசுகிசுத்தான். "பெட்டி தேட ஆரம்பிக்குது."

ம்ம்ம் என்று அடித்தொண்டையில் முனகியது தொட்டில்.

தகடு அவள் கையில் இருந்தது. தொட்டில் ஆடியது. நின்ற ஆட்கள் எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள், தொட்டிலைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே விளக்கு அணைந்தது.

மேலே கிடங்கின் வாயில் கல் உருளும் சத்தம்.

இழுத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் ஆபத்துக் கயிறு அவள் தலைக்கு மேலேதான் தொங்கியது. சாகட்டும் என்றுதான் நினைத்தாள். மனதாரவே நினைத்தாள். ஆனால் அவனும் கல்லுக்கடியில் செத்துக் கிடந்தால், தொக்தாரின் பெயரில் ஒட்டிய சேற்றை யார் துடைப்பது? அவள் கயிற்றைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டு இழுத்தாள்.

தொட்டில் நின்றது. கல்லும் நின்றது.

நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இரும்பைப் பல் கடிக்கும் சத்தம்.

ஒராஸ்பாய் பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தார். கண்கள் பிதுங்கியிருந்தன. ஏதோ சொல்ல முயன்றார், வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. கெங்கெஸ் வேறொரு டார்ச்சை முகத்தருகே கொண்டுபோனான்.

பல்லுக்கு நடுவில் ஒரு அலுமினியத் தகடு.

குறடு போட்டு இழுத்த பிறகுதான் வந்தது. கூடவே முன்பல் இரண்டும் உடைந்து வெளியே வந்தன. தமெத்கென் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நாலாம் நம்பர். ஓரமெல்லாம் பல்தடம். நடுவில் ஓரிடம் மட்டும் வழவழவென்றிருந்தது.

"ஏரியில போட்டேன்," என்று ஒராஸ்பாய் ரத்தம் வழிய உளறினார். "அவன் வாயிலேர்ந்து பிடுங்கி நானேதான் ஏரியில போட்டேன். எப்படி வந்துச்சு?"

அத்தனை பேரும் கேட்டார்கள். அது போதும் அவளுக்கு. அவர் முகத்தைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கெங்கெஸ் பெட்டியின் ஒயர்களை வெட்டி எறிந்தான். அவள் பழைய தகட்டைக் கொக்கியில் மாட்டினாள், ரொட்டிகளைத் தொட்டிலின் விளிம்பில் வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுட்டாங்க," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "நீ குடிக்கல, நீ தகடு எடுத்துட்டுத்தான் இறங்கினே. போதும். வெளிய வா."

மறுநாள் காலையில் அவள்தான் முதலில் வந்தாள். இரவெல்லாம் உறைந்த குளிரில் கூடம் முழுக்க வெண்பனி படிந்திருந்தது. தொட்டில், சுவர், கொக்கி எல்லாம் வெளுத்துக் கிடந்தன. விளிம்பில் ரொட்டிகளைக் காணோம். எலி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தகட்டைத் தொட்டாள்.

அதன் மேல் பனி இல்லை. எச்சில் ஈரத்தோடு, எண்ணெய் வாசத்தோடு, அப்போதுதான் வாயிலிருந்து எடுத்தது போல் சூடாக இருந்தது.