ஸ்டியரிங்கில் ஊறிய ஈரம்

கார் மெக்கானிக் ஷவ்கி உஸ்தா வில்லாவின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது காலை பத்து மணி. வசந்தப் பண்டிகை. அலெக்சாந்திரியாவில் பாதிப் பேர் கடற்கரையில் இருந்தார்கள். மீதிப் பேர் வீட்டில், மாதக்கணக்கில் உப்பில் ஊறிய ஃபெசிக் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க அந்த அழுகல் வாடை. ஷவ்கியின் தோளில் சாக்கில் சுற்றிய நீளமான குழாய் ஒன்று கிடந்தது. உள்ளே ஸ்டியரிங் தண்டு.

காவல்காரர் மவ்ஜூத் வெயிலில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா வேலைக்கு வந்துட்டியே உஸ்தா. பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"மீனைச் சுத்தம் பண்ணிக் குடுன்னா. அந்த நாத்தத்துக்கு இந்த கிரீஸே தேவலைன்னு ஓடி வந்துட்டேன்."

வண்டி கொட்டகையில் நின்றது. எழுபது வருஷப் பழைய கறுப்புக் கார். இறந்துபோன வக்கீல் ஹில்மியுடையது. அவர் மனைவி தௌலத் ஹானிம் அதை விற்றுவிட்டார். வாங்குகிறவர் நாலு மணிக்கு வருகிறார்.

ஸ்டியரிங் திரும்பவில்லை என்று பத்து நாளுக்கு முன் ஷவ்கியைக் கூப்பிட்டிருந்தார்கள். உண்மையிலேயே திரும்பவில்லை, எதிர்ப்பக்கம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. தண்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். குழாய்க்குள் மஞ்சளாக, கொழகொழவென்று கொழுப்பு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. கிரீஸ் கெட்டுப்போனால் அப்படி ஆகும் என்று நினைத்து இரண்டு நாள் பெட்ரோலில் ஊறப்போட்டான். துணி விட்டு உருவினான். கடைசியில் குழாய் கண்ணாடியாக மின்னியது.

இப்போது திரும்ப மாட்ட வேண்டியதுதான். அரை நாள் வேலை.

முன்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, தண்டின் அடிமுனையைத் தளத்து ஓட்டை வழியாக இறக்கி, ஸ்டியரிங் பெட்டியோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினான். சீட்டுக்குப் புதிதாகத் தைத்த தோலின் வாசனை. அதற்கு அடியில் ஃபெசிக் வாடை. பக்கத்து வீட்டுச் சமையல் என்று எண்ணிக்கொண்டான்.

அவன் கீழுதட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது. அனிச்சையாக நக்கிவிட்டான். உப்புக் கரித்தது. புறங்கையால் துடைத்தபோது அது நூல்நூலாக இழுபட்டு வந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்தான். குழாயின் வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது.

துப்பித் துப்பி நாக்கு வறண்டது. எழுந்து உட்கார்ந்து, இனி மேல்முனையில் தண்டு ஆடாமல் தாங்கும் கம்பளி வளையத்தைப் பொருத்திவிட்டால் பாதி முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வளையத்தைக் குழாயின் வாயில் வைத்துச் சுட்டுவிரலால் அழுத்தினான். உலர்ந்த கம்பளி விரலுக்கடியில் நனைந்து ஊறியது.

விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அங்கே மெத்தென்று ஏதோ பட்டது. தோலுரித்த, கனிந்து அழுகிய பேரீச்சம்பழம்போல.

அது நகர்ந்தது.

அவன் விரலைச் சுற்றிக்கொண்டது.

பலம் இல்லாத பிடி. படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவர், வந்தவரைப் போகவிடாமல் பிடித்துக்கொள்வதுபோல.

ஷவ்கி கையை உருவினான். விரலோடு கூடவே ஒன்று வந்தது. வெங்காயச் சருகுபோல மெல்லிய, ஈரமான உறை. முனையில் சுழிசுழியாக ரேகைகள். அவனுடையவை அல்ல.

வெளியே ஓடி எலுமிச்சை மரத்தடியில் வாந்தியெடுத்தான். நிமிர்ந்தபோது தௌலத் ஹானிம் படியில் நின்றிருந்தார். கையில் தண்ணீர்க் குவளை. அதை அவன் கையில் கொடுக்காமல் படியில் வைத்தார்.

"உங்க கையையும் பிடிச்சிடுச்சா?" என்றார் மெதுவாக.

"ஹானிம், அது என்ன?"

"என் வீட்டுக்காரருக்கு உள்ளங்கை எப்பவும் வேர்க்கும், உஸ்தா. சொட்டச் சொட்ட. கல்யாணத்தன்னிக்கு மோதிரம் போடக் கையைப் பிடிச்சார். எனக்கு வயித்தைப் பிரட்டிடுச்சு. அதுக்கப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்தக் கை என்மேல பட விடலை."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்ல மாட்டார். இங்க வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பார். போன ஆகஸ்ட்ல ஒருநாள் சாயங்காலம் வந்தவர் திரும்பலை. நானும் கூப்பிடலை. ஆறாம் நாள் மவ்ஜூத்தான் நாத்தம் தாங்காம கொட்டகைக் கதவை உடைச்சார். கையை முழுசா எடுக்க முடியலை. ஸ்டியரிங்லயே கொஞ்சம் ஒட்டிக்கிச்சு."

"ஆறு நாளா நீங்க தேடவே இல்லையா?"

"நிம்மதியா இருந்தேன்."

ஷவ்கி ஓரடி பின்னால் நகர்ந்தான். விரலில் ஒட்டி வந்ததை நினைத்தா, அந்தச் சொல்லைக் கேட்டா என்று அவனுக்கே தெரியவில்லை.

"முடிச்சிக் குடுத்திடுங்க, உஸ்தா. இந்த வீட்டைவிட்டுப் போகட்டும்."

போட்டது போட்டபடி கிளம்பத்தான் நினைத்தான். பாதியில் விட்டால் நாளை மறுபடியும் கூப்பிடுவார்கள். மறுபடியும் அந்தக் குழாயைத் தொட வேண்டும். இரண்டு கையிலும் கந்தலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். மூச்சை அடக்கி ஸ்டியரிங்கை மாட்டினான். நட்டை இறுக்கினான். திருப்பிப் பார்த்தான்.

வெண்ணெயாகத் திரும்பியது. கந்தலில் ஈரமில்லை. கொட்டகையில் தோல் வாசனை மட்டும்தான் இருந்தது.

நாலு மணிக்கு வாங்குகிறவர் வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "ஒரு விரல்ல திரும்புது உஸ்தா" என்று சிரித்தார். வண்டி கதவைத் தாண்டித் தெருமுனையில் மறையும்வரை தௌலத் ஹானிம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பத்து வயது குறைந்ததுபோல் அவர் முகம் தெளிந்தது.

ஷவ்கி தோட்டத்துக் குழாயடியில் கார சோப்பு போட்டு மூன்று முறை கைகழுவினான். துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு விடைபெற வந்தான்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை" என்று அவர் கையை நீட்டினார்.

அவன் பிடித்தான்.

தௌலத் ஹானிமின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து இருவர் கையையும் பார்த்தார். விரலிடுக்குகளிலிருந்து மணிக்கட்டு வழியாக ஈரம் வழிந்து அவருடைய பட்டுச் சட்டைக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஹில்மி," என்றார், காற்றாக. "விடுங்க."

விடவேண்டும் என்றுதான் ஷவ்கியும் நினைத்தான். விரல்கள் இன்னும் இறுகின.