கிங்ஸ்பரியில் ஒரு வைரவர்

வடைமாலையில் வடைகள் இல்லை. அது பெரிய விஷயமும் இல்லை. கிங்ஸ்பரி நரிகளுக்குக் குப்பைவாளியையே திறக்கத் தெரியும். ஆனால் வடை கோத்த நூல், முடிச்சு அவிழ்க்கப்பட்டு, விரலில் சுற்றி எடுத்ததுபோல் வட்டமாகச் சுருட்டப்பட்டு, கல்லின் மேல் இருந்தது. சிவரூபினி இரண்டு தரம் குனிந்து பார்த்தாள்.

நாடுவிட்டு வந்து இந்த ஊரில் வீடு வாங்கிய புதிதில் ஆப்பிள் மரத்தடியைக் கொத்தும்போது வந்த கல் அது. வீசச் சொன்னான் கணவன் ஆரணன். மரத்தடியில் கல்லைக் கண்டால் யாழ்ப்பாணத்தாருக்குக் கை சும்மா இருக்குமா? கழுவி, நட்டு, சந்தனம் பூசி, வைரவர் ஆக்கிவிட்டாள். தலைப்பிள்ளையான கைக்குழந்தை தாரிணிக்குக் காவலாக இருக்கட்டும் என்றுதான் வெள்ளிக்கிழமைதோறும் வடைமாலை சாத்தினாள்.

நவம்பரில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். அன்று இருட்டியதும், ஈர மண்ணும் பச்சை விறகுப் புகையும் கலந்த ஒரு மணம் கதவிடுக்கு வழியாக வந்து குழந்தையின் கட்டில்வரை பரவ, வேலிக்கு அப்பால், பஸ் ஓடும் றோட்டின் இரைச்சலுக்கும் அடியில், யாரோ மரம் தறிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் தாரிணி கண்ணிமைத்தாள். சிவரூபினி ஆரணனுக்குப் போன் எடுத்தாள்.

"ஆரோ மரம் தறிக்கினம். எனக்குப் பயமாக் கிடக்கு. வாறீங்களோ?"

"ஷிப்ட் முடியேல்லை. கவுன்சில்காரர் வெட்டுவினம். கதவைப் பூட்டிப்போட்டு இரும்."

பூட்டவில்லை. தோட்டத்துக்குப் போய் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுப் பாலேந்திரா அண்ணையைக் கூப்பிட்டாள். அந்தப் பகுதியின் பழைய பெயரான மிடில்செக்ஸின் சரித்திரம் என்றால் சாப்பாட்டையும் மறக்கிற மனிதர். டோர்ச் அடித்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வெளிச்சம் கல்லில் நின்றது.

"பிள்ளை, உந்தக் கல்லையோ கும்பிடுறீர்?"

"ஏன் அண்ணை?"

"இந்த மிடில்செக்ஸ் முழுக்க ஒருகாலம் காடு. முதல் வந்த சனம் காட்டை வெட்டிக் குடியேறேக்கை, நிலத்துக்குப் பங்கு குடுத்ததெண்டு ஒரு கதை இருக்கு. கல்லை நட்டுச் சாப்பாடு வைக்கிறது. வைச்சால் புதுக்குடி வந்திட்டுதெண்டு அர்த்தம்."

"பிறகு?"

அவர் டோர்ச்சை அணைத்தார். "தலைப்பிள்ளையைக் குடுக்கிறது."

மரம் தறிக்கும் சத்தம் நின்றது.

"நிண்டிட்டுது, அண்ணை!"

"என்ன நிண்டது?"

உள்ளே ஓடினாள். தாரிணி இருந்தாள். சுகமாக இருந்தாள். அள்ளி மார்போடு அணைத்தபோது சிவரூபினிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீடு வேண்டாம். கார்ச் சாவி. சப்பாத்துப் போட நேரமில்லை. முன்கதவு.

திறந்தாள்.

றோட்டு இல்லை. கார் இல்லை. விளக்குக் கம்பங்கள் இல்லை. காடு. வாசற்படியை ஒட்டிய காடு. புகை. தறித்து விழுத்திய மரங்களுக்கு நடுவில் கோடரிகளோடு ஆட்கள். வேலை முடிந்தவர்கள்போல் அசையாமல் நின்றார்கள்.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண். வெறுங்கைகளை மடித்து, இல்லாத எதையோ ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மண். சிவரூபினியைக் கண்டதும் ஆட்டுவதை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தாரிணி சிரித்தாள். அம்மாவின் தோளைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் சாய்ந்து, தானும் கைகளை நீட்டினாள்.